பாரத்தைக் கட்டி ஏற்றுவோம், பத்திரமாக வீடு வருவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத குழுக்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு அக்கா சிரித்தார். "கயிறு கட்டறதுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்றார். சிரிக்கட்டும், தப்பில்லை. சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தணிக்கை என்று எத்தனையோ பேசியிருக்கிறோம். வண்டியில் சாமான் ஏற்றுவதைப் பற்றி இதுவரை ஒரு நாளும் பேசவில்லை. பேசாமல் விட்டது எங்கள் தவறு. அந்தத் தவறுக்கு நம் சகோதரி ஒருவர் கொடுத்த விலை உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டுத்தான் இன்று இதைப் பேசுகிறோம். பெயர் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. "ஆனா நடந்ததை மட்டும் ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். அதனால் ஒன்றும் விடாமல் சொல்கிறோம்.

அன்று நடந்தது

நம் குழு ஒன்று வங்கிக் கடன் வாங்கி மாவு மில் வைக்க முடிவு செய்தது. தீர்மான நோட்டில் எழுதி, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, கோயம்புத்தூரில் போய் மெஷினைப் பார்த்து வாங்கினார்கள். அரைக்கும் மெஷின், மோட்டார், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 300 கிலோ. பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாக ஊர் வந்து சேர ஒரு சின்ன யானை வாடகைக்குப் பேசினார்கள். இரண்டு சகோதரிகள் கூட வந்தார்கள்.

ஏற்றுகிற இடத்திலிருந்து எங்களுக்குப் போன் வந்தது. "சார், மெஷின் ஏத்தியாச்சு, கெளம்பிட்டோம்" என்றார்கள். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "பார்த்து வாங்க" என்றோம். அவ்வளவுதான். எப்படி ஏற்றினீர்கள், எதில் கட்டினீர்கள், நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த இரண்டு பேரும் பின்னால், மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஏன்? மெஷின் ஆடாமல் பிடித்துக்கொள்ள! 300 கிலோ இரும்பைக் கையால் பிடித்துக்கொள்ள! அது கடன் வாங்கிய பொருள், பன்னிரண்டு குடும்பத்தின் பொருள். அதற்கு ஒன்றும் ஆகக்கூடாது என்ற அக்கறையில்தான் உட்கார்ந்தார்கள்.

பழனி தாண்டி ஒரு ஊரில் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. டிரைவர் தம்பி பிரேக் அடித்தார். மெஷின் ஒரு அடி முன்னால் சறுக்கியது. இடுப்பைச் சுற்றிப் போட்டிருந்த ஒரே ஒரு நைலான் கயிறு தளர்ந்துவிட்டது. யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு. மெஷின் பக்கவாட்டில் சாய்ந்து பக்கக் கதவின் மேல் விழுந்தது. கதவின் கொண்டி தாங்கவில்லை. மெஷின் பாதி வெளியே தொங்கியது. நம் சகோதரியின் வலது கால் அதன் அடியில் மாட்டிக்கொண்டது.

இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. மெஷினின் பேரிங் இருக்கிற வார்ப்பு இரும்பில் விரிசல். வண்டியில் வரும்போது உடைந்ததற்கு கியாரண்டி கிடையாது என்று விற்ற கடையில் சொல்லிவிட்டார்கள். மில் ஓடாமலேயே தவணை கட்ட வேண்டி வந்தது. சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் கட்டினார்கள்.

டிரைவர் தம்பி மேல் பழி போடுவது சுலபம். அவரும் சின்னப் பையன்தான். யாரும் அவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் யார் மேல் தவறு என்று பேசுவதைவிட, எது எது தவறாகப் போனது என்று பார்ப்போம்.

பொருள் ஏன் நகர்கிறது?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். நாம் முன்னால் போய் விழுகிறோம். யாராவது தள்ளினார்களா? இல்லை. பஸ் நின்றுவிட்டது, நம் உடம்பு நிற்கவில்லை. அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. கம்பியைப் பிடித்திருந்தால் கம்பி நம்மை நிறுத்தும். பிடிக்காவிட்டால் முன்சீட்டு நிறுத்தும்.

மெஷினும் அப்படித்தான். வண்டி நிற்கிறபோது மெஷினை எது நிறுத்துகிறதோ அதுதான் முக்கியம். கயிறு நிறுத்தலாம், பலகை நிறுத்தலாம், வண்டியின் முன்சுவர் நிறுத்தலாம். இவை எதுவும் இல்லையென்றால் நம் கால் நிறுத்தும்.

"கனமான பொருளாச்சே, அதெங்கே நகரப்போகுது?" என்று பலர் நினைக்கிறோம். கனம் கூடக்கூட அதை நிறுத்துவதும் கடினம். இரும்புத் தளத்தின் மேல் இரும்பு வைத்தால் சறுக்கும். இடையில் மணலோ எண்ணெயோ இருந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைக்குக் காலையில் அந்த வண்டியில் எம்-சாண்ட் ஏற்றியிருந்தார்கள். கூட்டாமலே நம் மெஷினை ஏற்றிவிட்டார்கள்.

எவ்வளவு பலமாகக் கட்ட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சரக்கு ஏற்றுகிறவர்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் நகராமலிருக்க எடையில் பத்தில் எட்டுப் பங்கு தாங்க வேண்டும். இரண்டு பக்கங்களிலும் பின்பக்கமும் எடையில் பாதி தாங்க வேண்டும். நம் மெஷின் 300 கிலோ. அப்படியானால் முன்பக்கம் 240 கிலோ, பக்கங்களிலும் பின்னாலும் 150 கிலோ. இரண்டு பெண்களின் கை இதைத் தாங்குமா? எத்தனை ஆண்கள் உட்கார்ந்தாலும் கை தாங்காது.

வேகத்தையும் சொல்லிவிடுகிறோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்கிற தூரத்தைப் போல 60-ல் நான்கு மடங்கு தூரம் வேண்டும். வேகம் இரண்டு மடங்கு ஆனால் ஆபத்து நான்கு மடங்கு. "தம்பி, மெதுவா போப்பா" என்று சொல்வது பயத்தினால் சொல்கிற பேச்சு இல்லை. கணக்குத் தெரிந்து சொல்கிற பேச்சு.

முதலில் எடை

வண்டி பேசும்போதே பொருளின் எடையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லில் இருக்கும், அல்லது மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். இல்லையென்றால் விற்கிறவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது வண்டி எவ்வளவு தாங்கும் என்பது. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. இன்னொன்று பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றலாம் என்று அனுமதித்த எடை. உதாரணத்துக்கு வெறும் வண்டி 850, மொத்தம் 1,550 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 700 கிலோ. இதில் டிரைவரும் கூடப் போகிற ஒருவரும் சேர்ந்து 120 கிலோ என்றால், சரக்குக்கு மிச்சம் 580 கிலோதான். "சின்ன யானை ஒரு டன் இழுக்கும்க்கா" என்று சொல்வார்கள். இழுக்கும். ஆனால் நிற்குமா, வளையுமா என்பதுதான் கேள்வி.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிகப் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். அதிகப்படி சரக்கை இறக்குகிற செலவும் நம் தலையில். வண்டியின் உடலுக்கு வெளியே பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ, அனுமதித்த உயரத்துக்கு மேலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே 20,000 ரூபாய்தான். கொட்டகை போடக் கம்பி, குழாய் வாங்கி வருகிற குழுக்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது?

மெஷினைப் பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால், இறக்கச் சுலபம் என்றார்கள். இறக்கச் சுலபமான இடம் விழவும் சுலபமான இடம். அதோடு பின்சக்கரத்துக்குப் பின்னால் பாரம் உட்கார்ந்தால் வண்டியின் முன்பக்கம் லேசாகிவிடும். ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

கனமான பொருளை டிரைவர் அறைக்குப் பின்னால் இருக்கிற முன்சுவரோடு ஒட்டி வையுங்கள். இடது வலது பார்த்து நடுவில் வையுங்கள். அப்போது பிரேக் போட்டால் அது நகர இடமே இல்லை. சுவரோடு ஒட்டாமல் இடைவெளி இருந்தால் மரக்கட்டை, பலகை வைத்து அடைத்துவிடுங்கள். கனமானது அடியில், லேசானது மேலே. இது அரிசி மூட்டைக்கும் பொருந்தும், பாத்திரத்துக்கும் பொருந்தும்.

உயரமான பொருள் சறுக்குவதற்கு முன்பே சாய்ந்துவிடும். அடி அகலம் 2 அடி, உயரம் 4 அடி என்றால், நாம் சொன்ன அந்தப் பாதிக் கணக்கிலேயே அது சாய்கிற நிலைக்கு வந்துவிடும். நம் மெஷின் அளவு அதுதான். மேலே கனம் இருந்தால் இன்னும் சீக்கிரம் சாயும். அதனால் கழற்றக்கூடியதைக் கழற்றுங்கள். மேலே தானியம் கொட்டுகிற தொட்டியைக் கழற்றலாம். மோட்டாரையும் பெல்ட்டையும் தனியாக எடுத்துக் கீழே வைக்கலாம். விற்கிற இடத்திலேயே ஆள் இருப்பார். அரைமணி நேர வேலை. கேட்டால் செய்து தருவார்கள், கேட்காவிட்டால் செய்யமாட்டார்கள்.

தளத்தைக் கூட்டுங்கள்

இது நமக்குத் தெரிந்த வேலை. துடைப்பம் எடுத்து மணல், தூசி, தவிடு எல்லாம் கூட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு ரப்பர் பாய் விரித்து அதன் மேல் மெஷினை வையுங்கள். இரும்புக்கும் இரும்புக்கும் இடையில் ரப்பர் இருந்தால் சறுக்குவது பெருமளவு குறைந்துவிடும். அம்மிக்கும் கிரைண்டருக்கும் அடியில் சாக்கு போடுகிறோமே, அதே யோசனைதான்.

பிறகு நான்கு பக்கமும் அடை கொடுங்கள். வண்டித் தளம் இரும்பு என்பதால் ஆணி அடிக்க முடியாது. மெஷினுக்கும் பக்கச் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அந்த நீளத்துக்குப் பலகை வெட்டி இறுக்கமாகச் செருக வேண்டும். நன்றாக அடை கொடுத்தால் கயிற்றின் பாதி வேலை முடிந்தது.

கட்டுவது எப்படி?

இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு கயிறு போடுவது கட்டு ஆகாது. மாட்டை எப்படிக் கட்டுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கயிறு என்றால் அந்த நீளத்துக்கு மாடு சுற்றிச் சுற்றி வரும். மெஷின் எந்தப் பக்கமும் நகரக்கூடாது என்றால் நான்கு மூலைக்கும் நான்கு கட்டு வேண்டும். முன் இரண்டும் பின்பக்கம் போகாமல் தடுக்கும். பின் இரண்டும் முன்பக்கம் போகாமல் தடுக்கும். நான்கும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடிக்கும். இதற்கு மேலே, குறுக்கே ஒரு கட்டு போட்டுக் கீழ்நோக்கி அமுக்கிவிட வேண்டும்.

மேலே போட்டு அமுக்குகிற கட்டில் கயிறு எவ்வளவு நேராக, செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. படுத்த மாதிரி சரிந்து, தளத்திலிருந்து 30 டிகிரியில் போனால் அமுக்குகிற பலம் பாதிதான். ஒரே கயிறு, ஒரே இழுப்பு, பலன் பாதி. குழாய்க்கட்டிலின் கொசுவலை மாதிரி அகலமாக விரித்துக் கட்டினால் பார்க்கத்தான் அழகு.

எதில் கட்டுவது? தேங்காய் நார்க் கயிறு பழசானால் உள்ளே மக்கியிருக்கும், வெளியே தெரியாது. நைலான் கயிறு பலமானது, ஆனால் இழுபடும். இறுக்கிக் கட்டினாலும் கொஞ்ச தூரத்தில் தளர்ந்துவிடும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதியளவுக்குக் கூடக் குறையலாம். இப்போது ராட்செட் பெல்ட் என்று கடைகளில் கிடைக்கிறது. கைப்பிடியை ஆட்டினால் பல் பல்லாக இறுகும். அதில் தைத்திருக்கும் சீட்டில் எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும். சீட்டு இல்லாத பெல்ட்டை வாங்காதீர்கள். வெட்டு விழுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டு உபயோகிக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பெல்ட் இல்லை, கயிறுதான் இருக்கிறது என்றால் லாரிக்காரர்கள் போடுகிற முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு வளையம் போட வேண்டும். நுனியைக் கீழே கொக்கியில் கொடுத்து, திரும்ப மேலே கொண்டுவந்து அந்த வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுக்க வேண்டும். குறைந்த பலத்தில் நன்றாக இறுகும். இழுத்ததை விடாமல் அப்படியே பிடித்து முடிந்துவிட வேண்டும். இன்றைக்கு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், கயிறு கொண்டுவந்திருக்கிறோம்.

எதோடு கட்டுவது என்பதும் முக்கியம். வண்டியில் கட்டுவதற்கென்று இருக்கிற கொக்கியில் கட்டுங்கள். பக்கக் கதவின் கொண்டியில் கட்டாதீர்கள். மெஷின் பக்கத்தில் அதன் இரும்புச் சட்டத்தில் கட்டுங்கள். கைப்பிடி, சக்கரம், தகரம் ஆகியவற்றில் கட்டினால் பொருளும் கெடும், கட்டும் நிற்காது. கயிறு இரும்பு விளிம்பில் உராய்கிற இடத்தில் சாக்கை நான்காக மடித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஊர் வருவதற்குள் விளிம்பு கத்தி மாதிரி அறுத்துவிடும்.

கிளம்பிய பிறகு

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் வண்டி ஓட ஓடச் சரக்கு அமரும், கட்டு தளரும். அதனால் முதல் 10 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நிறுத்தி, கயிற்றைக் கையால் தட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று இருக்கும். அதன் பிறகு டீ குடிக்க நிறுத்துகிறபோதெல்லாம் பாருங்கள். பெரிய வேகத்தடையில் தூக்கிப் போட்டாலோ, திடீர் பிரேக் அடித்தாலோ, உடனே ஓரம் கட்டிப் பாருங்கள். அன்றைக்கு ஆட்டுக்குட்டி ஓடிய இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தியிருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.

பின்னால் யாரும் உட்காரக்கூடாது. ஒருவர் கூடக் கூடாது. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ போகலாம், அதுவும் முன்னால் சீட்டில். அவருக்குத்தான் வண்டியின் காப்பீடு பேசும். பின்னால் ஏறிக்கொண்ட மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால் காப்பீடு கைவிரித்துவிடும். இரண்டு பேர் போக வேண்டும், முன்சீட்டில் ஒருவருக்குத்தான் இடம் என்றால் இன்னொருவர் பஸ்ஸில் வரட்டும். பஸ் டிக்கெட்டைக் குழுச் செலவில் எழுதுங்கள். அதைத் தணிக்கையில் யாராவது கேட்டால் நாங்கள் பதில் சொல்கிறோம்.

இன்னொன்று. வண்டிக்குக் காப்பீடு இருந்தால் நம் சரக்குக்கும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும். விலை அதிகமான பொருள் வாங்கும்போது கடன் தொகையிலேயே அதற்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

இறக்கும்போது

ஊர் வந்துவிட்டது, எல்லோரும் சந்தோஷமாக ஓடி வருவோம். குழந்தைகளும் வருவார்கள். இந்த நேரம்தான் ரொம்பக் கவனம். வழியில் சரக்கு நகர்ந்து கதவின் மேல் சாய்ந்திருக்கலாம். கதவைத் திறப்பவர் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று திறக்க வேண்டும். கயிறு அவிழ்ப்பதற்கு முன் பொருள் தானாக நிற்கிறதா என்று பாருங்கள்.

தளம் இரண்டரை அடி உயரம் என்றால் 10 அடி நீளப் பலகை போடுங்கள். குட்டைப் பலகை செங்குத்தாக இருக்கும், பொருள் பாய்ந்துவிடும். மெஷினின் சட்டத்தில் கயிறு கட்டி, மேலே வண்டியில் நிற்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் கயிற்றை வண்டியின் கொக்கியில் ஒரு சுற்று சுற்றி விட்டுக்கொடுத்தால் கை வலிக்காது. அடியில், பலகைக்கு நேராக ஒருவரும் நிற்கக்கூடாது. தாங்கிப் பிடிக்கிறேன் என்று யாராவது போனால் கையைப் பிடித்து இழுத்துவிடுங்கள்.

நாம் வழக்கமாக ஏற்றுகிற மற்ற சாமான்கள்

அரிசி, தீவன மூட்டைகள்: சுவருக்குச் செங்கல் அடுக்குகிற மாதிரி, கீழ் இரண்டு மூட்டையின் சேருமிடத்தின் மேல் அடுத்த மூட்டை வர வேண்டும். மேலே தார்ப்பாய் போட்டு, அதன் மேல் குறுக்குக் கயிறு. தார்ப்பாய் மழைக்குத்தான், அது கட்டு ஆகாது.

தண்ணீர் டிரம்: நிறைய இருக்கட்டும், அல்லது காலியாக இருக்கட்டும். பாதி நிரம்பிய டிரம் வளைவில் குலுங்கி வண்டியையே இழுக்கும்.

காலியான பிளாஸ்டிக் தொட்டி: லேசானதுதானே என்று கட்டாமல் விடுகிறோம். காற்று அதைத் தூக்கிவிடும். பின்னால் பைக்கில் வருகிறவரின் மேல் போய் விழும். லேசான பொருளையும் கட்டத்தான் வேண்டும்.

சமையல் எரிவாயு சிலிண்டர்: கண்காட்சிக்கும் உணவுத் திருவிழாவுக்கும் எடுத்துப் போகிறோம். படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, மூடி போட்டு, உருளாமல் கட்ட வேண்டும்.

"ஆம்பளைங்க பாத்துப்பாங்க"

கயிறு கட்டுகிற வேலை வந்ததும் நாம் ஒதுங்கி நின்றுவிடுகிறோம். "அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துப்பாங்க" என்கிறோம். யார் பார்த்தார்கள்? தொட்டில் கட்டுகிறோம். அதில் நம் குழந்தையைப் போடுகிறோம். தொட்டில் அவிழ்ந்து யாராவது பார்த்திருக்கிறோமா? கிணற்று வாளியைக் கட்டுகிறோம். விறகுக் கட்டைத் தலையில் வைத்து மூன்று மைல் நடக்கிறோம், ஒரு குச்சி விழாது. கட்டத் தெரியாதவர்கள் இல்லை நாம். கேட்கத்தான் தயங்குகிறோம்.

வாடகை கொடுப்பது நாம், கடன் கட்டுவது நாம். அதனால் டிரைவரிடம் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. சண்டையாகச் சொல்ல வேண்டாம். "தம்பி, தளத்தைக் கூட்டிடலாம்ப்பா. இன்னொரு கட்டு போட்டுக்கலாம். நேரமானாலும் பரவாயில்லை" என்று சொன்னால் போதும்.

போன மாதம் இன்னொரு குழு எண்ணெய் ஆட்டுகிற மெஷின் வாங்கப் போனது. கூடப் போனது யார் தெரியுமா? விரல் இழந்த நம் சகோதரிதான். "நான் வரேன், நான் பாக்கணும்" என்று தானாகக் கிளம்பினார். துடைப்பம், ரப்பர் பாய், நான்கு பெல்ட், இரண்டு பலகை எல்லாவற்றையும் கையோடு கொண்டு போனார். ஏற்றுகிற இடத்தில் ஆட்கள் சிரித்தார்களாம். அவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. அவர் சொன்னபடி வைத்து, சொன்னபடி கட்டினார்கள். வழியில் மூன்று முறை நிறுத்திப் பார்த்தார்கள். முதல் முறை நிறுத்தியபோது இரண்டு பெல்ட் தளர்ந்திருந்தது, இறுக்கினார்கள். ஊர் வந்து இறக்கும்போது மெஷின் வைத்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகரவில்லை. டிரைவர் தம்பி போகும்போது, "அக்கா, இந்தப் பாய் எங்க கெடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

நாம் செய்ய வேண்டியது

இன்றைக்குக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கேட்கிறோம். கூட்டமைப்பு நிதியிலிருந்து ராட்செட் பெல்ட் ஆறு, ரப்பர் பாய் ஒன்று, 10 அடிப் பலகை இரண்டு, அடைக்கட்டைகள் வாங்கி அலுவலகத்தில் வைப்போம். எந்தக் குழு பொருள் வாங்கப் போனாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும், திரும்பக் கொண்டுவந்து வைக்கட்டும். சிறிய வாடகை வைத்தால் தேய்ந்த பெல்ட்டை மாற்ற அது உதவும்.

வண்டி கிளம்புமுன் கேட்க ஏழு கேள்விகள் சொல்கிறோம். குழு நோட்டின் பின்அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. பொருளின் எடை என்ன? வண்டி தாங்கும் எடை என்ன?
2. தளம் கூட்டியாயிற்றா? ரப்பர் பாய் போட்டாயிற்றா?
3. கனமானது முன்சுவரோடு ஒட்டி, அடியில் இருக்கிறதா?
4. நான்கு பக்கமும் அடை இருக்கிறதா?
5. நான்கு மூலைக் கட்டும், மேல் கட்டும் இருக்கிறதா? கொக்கியில்தான் கட்டியிருக்கிறதா?
6. பின்னால் யாரும் உட்காரவில்லைதானே?
7. முதலில் எந்த ஊரில் நிறுத்திப் பார்க்கப் போகிறோம்?

இனிமேல் நீங்கள் எங்களுக்குப் போன் செய்து "ஏத்தியாச்சு" என்று சொன்னால், "பார்த்து வாங்க" என்று சொல்லி வைத்துவிடமாட்டோம். இந்த ஏழு கேள்வியையும் கேட்போம். கேட்க மறந்தால் நீங்கள் எங்களைக் கேளுங்கள்.

அந்த மாவு மில் இப்போது ஓடுகிறது. காலையில் ஏழு மணிக்கெல்லாம் தூக்குவாளியோடு வரிசை நிற்கிறது. தவணையும் சரியாகப் போகிறது. நம் சகோதரி அங்கே கணக்கு எழுதுகிறார். போன மெஷின் வந்துவிட்டது, போன பணமும் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. போன விரல் வராது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.